பயனாளிகள் யார்? கட்டற்ற மென்பொருள் அமைப்புகளும் சட்டத்தின் வாசலும்

(வற்றாப்பளையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பில் "சட்டம்" இருக்கிறது என்று தெரிந்தும் இத்தனை பேர் வந்திருப்பது எனக்கு ஆச்சரியம்தான். இந்த மாதிரி மேடைகளில் சைவமும் தமிழும் கண்ணகி வழிபாடும் பேசுவதுதான் வழமை. நான் கணக்காய்வு செய்து பிழைப்பவன். சங்கங்களின் பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் வங்கிக் கூற்றுகளையும் பார்த்துப் பார்த்தே கண்ணாடி தடித்துப்போனவன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்துதான் நான் பேச முடியும்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் எந்த வேலைக்கும் அதைப் பயன்படுத்தலாம். உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமைகள் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். எங்கள் ஊர் மலர்களையும் பழைய பத்திரிகைகளையும் தேடி "நூலகம்" இணையத்தளத்துக்குப் போகிறீர்களே, அது மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில் ஓடுகிறது. விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது. பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ், உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருக்கிற லினக்ஸ் என்று இந்தப் பட்டியல் நீளும்.

இதை எழுதுவதற்குச் சங்கம் தேவையில்லை, ஒரு கணினியும் இரவு நேரமும் போதும். ஆனால் வழங்கியின் வாடகையை மாதாமாதம் யாரோ கட்ட வேண்டும். தளத்தின் பெயர் யாரோ ஒருவரின் பெயரில் பதிவாக வேண்டும். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் நூறு டொலர் அனுப்பினால் அதை எந்தக் கணக்கில் போடுவது? தனியாள் கணக்கில் போட்டால் இறைவரிக்காரருக்கு அது அவருடைய வருமானமாகத்தான் தெரியும். அவர் காலமானால் எல்லாம் அவருடைய வாரிசுகளிடம் போய்விடும். அதனால்தான் மென்பொருள் எழுதுகிற பிள்ளைகள் ஓர் அமைப்பைப் பதியப் போகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

வன்னியில் இப்படி ஒரு குழுவுக்குக் கணக்கு விடயத்தில் நான் உதவினேன். பெயர் வேண்டாம். பல்கலைக்கழகம் முடித்த நாலைந்து பிள்ளைகள், சிறு கூட்டுறவுச் சங்கங்கள் வரவு செலவு எழுதுவதற்குத் தமிழில் ஒரு மென்பொருள் செய்து இலவசமாக விட்டிருந்தார்கள். யாப்பு எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிந்து, படிவத்தை நிரப்பிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். படிவத்தில் "பயனாளிகள்" என்று ஒரு நிரல். அதற்குக் கீழே சிறு சிறு கட்டங்கள்: குடும்பங்களின் எண்ணிக்கை, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், மாற்றுத்திறனாளிகள், கிராம அலுவலர் பிரிவு. பொருளாளர்ப் பிள்ளை எல்லாக் கட்டத்துக்கும் குறுக்கே "எல்லோரும்" என்று எழுதியிருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனுசன்தான். "தங்கச்சி, எல்லாரும் எண்டு எழுதினா நான் எத்தினை பேர் எண்டு போடுறது?" என்று கேட்டார். "ஆர் ஆர் பாவிக்கினம் எண்டு நாங்கள் பதியிறேல்லை ஐயா, அப்பிடிப் பாக்கிறதும் சரியில்லை" என்றாள் அவள். "அப்ப ஒரு பட்டியல் செய்துகொண்டு வாங்கோ" என்று படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் அதே பட்டியலைத்தான் கேட்பார்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது அந்த ஒரு நிரலைப் பற்றித்தான். தருமம் என்றால் வாங்குகிற கையைக் காட்டு என்று சட்டம் கேட்கிறது. எல்லோருக்கும் பொதுவாக வைத்த பொருளுக்குக் காட்டக் கை இல்லை.

இலங்கையில் பதிவதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் ஒன்று. அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது அதன் வரைவிலக்கணத்திலேயே தெரியும்: வறியவர், நோயாளர், அநாதைகள், ஆதரவற்றோர், உடல் உளக் குறைபாடுடையோர், அனர்த்தத்தில் அகப்பட்டவர். 1998 இல் திருத்தம் வந்தபோது பணத்தைக் கையாடும் அமைப்புகளில் அரசு தலையிடுவதற்கான அதிகாரம்தான் கூடியது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது இன்னொரு வழி. பங்கு இல்லை, இலாபப் பங்கீடு இல்லை, ஆனால் வருடாவருடம் கணக்காய்வும் பதிவாளருக்கு அறிக்கையும் உண்டு. மூன்றாவது, 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். பாராளுமன்றத்தில் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்து கூட்டிணைவதும் உண்டு. அதற்கு உறுப்பினர் ஒருவரின் தயவு வேண்டும், அதை இங்கே விட்டுவிடுவோம்.

இந்த மூன்றில் மிகப் பழையதுதான் மனதளவில் மிக இளையது என்பது வேடிக்கை. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 99 ஆம் பிரிவு தரும நம்பிக்கைப் பொறுப்பை நாலு வகையாகப் பிரிக்கிறது: வறுமை நீக்கம், கல்வி அல்லது அறிவின் வளர்ச்சி, சமய வளர்ச்சி, இவற்றுக்குள் அடங்காத, மனித குலத்துக்குப் பயன் தருகிற வேறு நோக்கங்கள். 1891 இல் இங்கிலாந்தில் பெம்செல் வழக்கில் மக்னாட்டன் பிரபு சொன்ன நாலு தலைப்புகளின் வழித்தோன்றல் அது. அங்கே கல்வி என்று மட்டும் இருந்தது, இங்கே "அறிவு" சேர்ந்துகொண்டது. கணினியே இல்லாத காலத்தில் எழுதிய அந்த வாசகத்துக்குள் கட்டற்ற மென்பொருள் தாராளமாக நுழையும்.

பதிவு ஒரு பக்கம், வரி இன்னொரு பக்கம். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரச சார்பற்ற நிறுவனம் என்ற வகைக்குள் உங்கள் அமைப்பு விழுந்தால், நன்கொடையாகவும் மானியமாகவும் வந்த தொகையில் 3 வீதம் உங்கள் இலாபமாகக் கருதப்படும். கருதப்படும் என்பதைக் கவனியுங்கள். கையில் ஒரு சதமும் மிஞ்சாவிட்டாலும் அது இலாபம்தான். பத்து இலட்சம் ரூபாய் வந்தால் முப்பதாயிரம் இலாபம். வரி 30 வீதம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒன்பதாயிரம் ரூபாய். இடம்பெயர்ந்தோருக்கான புனர்வாழ்வு, கட்டமைப்பு, வாழ்வாதாரம், மனிதாபிமான நிவாரணம் போன்றவற்றுக்கு அந்தப் பணம் போனால் ஆணையாளர் நாயகம் அதைத் தள்ளுபடி செய்யலாம். மென்பொருள் எழுதியதற்கு அப்படித் தள்ளுபடி கேட்டால் முதலில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்த வேண்டியிருக்கும்.

ஒன்பதாயிரம் ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அந்தத் தொகை யாரையும் சாகடிக்காது. அடி விழுவது கொடுக்கிறவரின் பக்கத்தில். இறைவரிச் சட்டத்தில் "அறநோக்கம்" என்பதற்குத் தரப்பட்ட விளக்கம் அகலமானது, அறிவு வளர்ச்சியும் அதற்குள் உண்டு. ஆனால் கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் வாசல் சுருங்கிவிடுகிறது. அறநிறுவனங்களைப் பொறுத்தவரை, நோயாளரையும் தேவையுள்ளோரையும் நிறுவனத்தில் வைத்துப் பராமரிக்கிற, அமைச்சர் அங்கீகரித்த அறநிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் கழிவு. அதிலும் தனியாளுக்கு வரிவிதிக்கத்தக்க வருமானத்தில் மூன்றில் ஒன்று அல்லது 75,000 ரூபாய், எது குறைவோ அது. முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பவருக்கு இந்தச் சலுகை இருக்கட்டும், மிக நியாயம். பாடசாலைப் பிள்ளைகள் பயன்படுத்துகிற மென்பொருளுக்குக் கொடுப்பவருக்கு ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. ஒரே சட்டம் ஓரிடத்தில் அறிவை அறம் என்கிறது, இன்னோரிடத்தில் மறந்துவிடுகிறது.

இப்போது கொழும்புக் கதை ஒன்று சொல்கிறேன். அது எங்கள் கடற்கரையோடும் தொடர்புள்ள கதை.

2004 டிசம்பர் 26. அந்தக் காலை முல்லைத்தீவுக்கு என்ன செய்தது என்று இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. தீவு முழுவதும் முகாம்கள், காணாமற்போனோர், வந்து குவிகிற நிவாரணம். எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எங்கே என்ன தேவை, எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் மென்பொருள் துறையில் வேலை செய்த தொண்டர்கள் சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதற்குச் "சகானா" என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, தேவைகளின் பட்டியல் ஆகியவை அதன் பகுதிகள். கொழும்பில் அரசு அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையத்தில் அது ஓடியது. அதன் பின்னால் நின்றது லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன். 2003 இல் சஞ்சீவ வீரவர்ண முதலானோர் தொடங்கிய, இலாப நோக்கற்ற அமைப்பு அது.

சகானா வன்னிக்குள் வந்து எங்கள் முகாம்களின் பெயர்களை எழுதியது என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தத் தீவின் அழிவிலிருந்து பிறந்த அந்த மென்பொருள் 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் போனது. கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ள முடிந்தது. 1985 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய, அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான 2006 ஆம் ஆண்டு விருதைச் சகானாவுக்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய வருடம் அதே விருதைப் பெற்றது விக்கிப்பீடியா.

இத்தனை பெருமைக்கும் பிறகு, 2009 இல் சகானா மென்பொருள் அறக்கட்டளை பதிவானது எங்கே? கலிபோர்னியாவில். இங்கே பிறந்த பிள்ளைக்கு அங்கேதான் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. காரணங்கள் பல இருக்கும். உலகம் முழுவதும் பரந்த தொண்டர்கள், உலக நிறுவனங்களோடு ஒப்பந்தங்கள் என்று சொல்லலாம். வரி ஒன்றையே காரணம் என்று பழிபோட நான் வரவில்லை. ஆனால் கணக்குக்காரனாக எனக்கு ஒரு விடயம் தெளிவாகத் தெரிகிறது. அங்கே 501 சி 3 என்ற தகுதி கிடைத்தால் கொடையாளர் அந்தத் தொகையைத் தன் வரிவிதிக்கத்தக்க வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். இங்கே அதே ஆளுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. மற்றவர்களின் பயனாளிகள் பட்டியலைச் செய்துகொடுத்த மென்பொருளுக்கே தன் நாட்டில் இந்த நிலை.

அமெரிக்கா போனால் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கும் ஓர் உத்தியோகத்தர், அங்கும் ஒரு படிவம். சான் பிரான்சிஸ்கோவில் யோர்பா என்று ஒரு சிறு அமைப்பு இருந்தது. புகைப்படங்களை ஒழுங்குபடுத்தும் "ஷொட்வெல்" என்ற மென்பொருளைச் செய்தவர்கள். 2009 டிசம்பரில் அதே 501 சி 3 தகுதிக்கு விண்ணப்பித்தார்கள். 2014 மே மாதம் மறுப்புக் கடிதம் வந்தது. நாலரை வருடம். கடிதத்தின் சாரம் இதுதான்: உங்கள் மென்பொருளை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். யார் பயன்படுத்துகிறார்கள், அதைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியாது. ஆகவே இது தரும நோக்கத்துக்காக மட்டும் நடப்பதாகக் கருத முடியாது. மூல நிரலை வெளியிடுவதைக் கல்வியாகவும் அவர்கள் ஏற்கவில்லை. கூர்ந்து பாருங்கள், எங்கள் உத்தியோகத்தர் அந்தத் தங்கச்சியிடம் கேட்ட அதே கேள்விதான், ஆங்கிலத்தில், பல பக்கங்களில்.

அந்தக் கேள்விக்கு எங்கள் ஊர் வழக்கத்திலேயே பதில் இருக்கிறது. இங்கே கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் நடந்தும் வாகனத்திலும் வருகிற சனத்துக்கு வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறோம். காரில் வந்து இறங்குகிற வர்த்தகரும் மோர் குடிக்கிறார், அவர் கடைக் கணக்கைப் போனில் பேசிக்கொண்டே குடிக்கிறார். அதனால் பந்தல் வியாபாரத்துக்குத் துணைபோனது என்று யாராவது சொல்வார்களா? வெயிலில் வருகிறவருக்குத் தண்ணீர் என்பதுதான் கணக்கு. வசதியுள்ளவரை விலக்குவதற்கு வாசலில் ஆள் வைத்தால் அந்த ஆளின் சம்பளத்துக்கே மோர்க் காசு போய்விடும்.

யோர்பா ஒரு தனிச் சம்பவமும் இல்லை. அமெரிக்க வரித் திணைக்களம் 2010 வாக்கில் உள்ளுக்குள் வைத்திருந்த "கவனமாகப் பார்க்க வேண்டிய விண்ணப்பங்கள்" பட்டியலில் கட்டற்ற மென்பொருள் அமைப்புகளும் இருந்தன என்பது 2013 இல் வெளியே வந்தது. அரசியல் சார்புள்ள குழுக்களும் அந்தப் பட்டியலில் இருந்தபடியால் வொஷிங்டனில் பெரிய அமளி. மென்பொருள்காரரைப் பற்றி யாரும் சத்தம் போடவில்லை. வரித் திணைக்களத்தின் சந்தேகம் முற்றிலும் அர்த்தமற்றது என்றும் நான் சொல்லமாட்டேன். பெரிய கம்பனிகள் தங்கள் செலவைக் குறைக்க ஒரு "தரும" அமைப்பின் போர்வைக்குள் வேலை செய்விக்க முடியும். லினக்ஸ் பவுண்டேசன் தன்னைத் தருமம் என்று பதியாமல் 501 சி 6 என்ற வர்த்தகச் சங்க வகையில் பதிந்திருக்கிறது. அது நேர்மையான காரியம்.

மொசில்லாவின் பாடம் வேறு. 2003 இல் தொடங்கிய அந்த அறக்கட்டளைக்குக் கூகுள் தேடலிலிருந்து பெரும் பணம் வரத் தொடங்கியது. 2005 இல் வரி கட்டுகிற துணைக் கம்பனி ஒன்றை அமைத்தார்கள். அப்படியும் பழைய வருடங்களின் பணம் பற்றி நீண்ட விசாரணை நடந்து, 2012 இல் 15 இலட்சம் டொலர் கட்டி முடித்தார்கள். காசு வரத் தொடங்குகிற நாளிலேயே அதற்கு வேறு பேரேடு திறந்துவிட வேண்டும்.

ஜேர்மனியில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்நாட்டு வரிச் சட்டம் பொதுநல நோக்கங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. சதுரங்கம் உண்டு, மாதிரி விமானம் பறக்கவிடுதல் உண்டு, நாய் விளையாட்டுக்கூட உண்டு. கட்டற்ற மென்பொருளுக்குத் தனித் தலைப்பு இல்லை. கல்வி, அறிவியல் என்ற தலைப்புகளின் கீழ் நுழைய வேண்டும். லிப்ரே ஒபிஸைப் பராமரிக்கிற டொக்கியூமென்ட் பவுண்டேசன் 2012 இல் பேர்லினில் அந்தச் சட்டத்தின்படி பொதுநல அமைப்பாகத்தான் பதிவானது. முடியாத காரியமில்லை.

அக்கரையில், தமிழ்நாட்டில், நிலைமை பாதி நல்லது, பாதி மோசம். 1961 ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் "பொதுமக்களுக்குப் பயன்தரும் வேறு நோக்கங்கள்" என்ற அகலமான வாசகம் இருந்தது. அந்த வகையில் வருகிற அமைப்பு வியாபாரம் போன்ற வேலையில் ஈட்டுவது மொத்த வரவில் 20 வீதத்தைத் தாண்டக்கூடாது. அது சமாளிக்கக்கூடிய நிபந்தனை. மூச்சு முட்டுவது வெளிநாட்டுப் பணத்தில். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குபடுத்தல் சட்டத்தை 2020 இல் திருத்தினார்கள். பணம் டில்லியில் ஒரு குறிப்பிட்ட வங்கிக் கிளைக்குத்தான் வரவேண்டும், நிர்வாகச் செலவு 20 வீதத்துக்குள் நிற்கவேண்டும், வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. மென்பொருள் அமைப்பு ஒன்றின் செலவு ஏறக்குறைய முழுவதும் ஆட்களின் சம்பளம்தான். அதில் எது திட்டச் செலவு, எது நிர்வாகச் செலவு என்று பிரிப்பது எந்தக் கணக்காளருக்கும் தலையிடி. 2012 இல் இணைய இதழாகத் தொடங்கிய "கணியம்" போன்ற தமிழ் முயற்சிகள் பெரும்பாலும் தொண்டர் உழைப்பில் நிற்பது காரணமில்லாமல் அல்ல.

கைமாற்றக்கூடாது என்ற அந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். உலகில் சிறு மென்பொருள் குழுக்கள் பிழைப்பது குடை அமைப்புகளால்தான். டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் குழுவுக்காக 1997 இல் "பொதுநலனுக்கான மென்பொருள்" என்ற அமைப்பு நியூயோர்க்கில் பதிவானது. 2006 இல் "சொப்ட்வெயார் பிரீடம் கொன்சேவன்சி" வந்தது. சிறு குழு தனியாகப் பதிவதில்லை. குடை அமைப்பு அதற்காகக் காசை வாங்கி, கணக்கு எழுதி, வரி அறிக்கை கொடுத்து, சிறு பங்கொன்றைத் தன் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். மறுப்புக் கடிதத்துக்கு நாலரை வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் யோசனையும் ஏறக்குறைய இதுதான். 2009 க்குப் பிறகு வடக்கில் வேலை செய்ய வந்த அமைப்புகள் சனாதிபதி செயலணியின் அனுமதிக்குக் காத்துக்கிடந்ததையும், வீடும் வீதியும் கட்டினால் கையெழுத்து, பயிற்சியும் ஆற்றுப்படுத்தலும் என்றால் கேள்வி என்று இருந்ததையும் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2010 இல் அரச சார்பற்ற நிறுவனங்களின் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அந்தக் காலத்துப் பழக்கம் படிவங்களில் இன்னும் இருக்கிறது. வெளிநாட்டுக் காசு என்றதும் மேசையில் பேனா நின்றுவிடும். ஆகவே நாலு பேர் கூடியவுடன் புதுப் பெயரும் இலச்சினையும் போட்டுத் தனி நிறுவனம் பதிய ஓடாதீர்கள். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் ஏற்கெனவே பதிவுள்ளது. வாசிகசாலையில் பத்திரிகையை யார் வாசிக்கிறார் என்று யாரும் பட்டியல் கேட்பதில்லை. அந்த நிலையத்தின் ஓர் உபகுழுவாகத் தொடங்குங்கள். பழைய மாணவர் சங்கமும் ஆகும். வேலை பெருத்த பிறகு, 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம்பிக்கைப் பொறுப்பாகவோ உத்தரவாதக் கம்பனியாகவோ போகலாம். யாப்பின் நோக்கம் என்ற பகுதியில் "இலவச மென்பொருள் தயாரித்தல்" என்று எழுதாதீர்கள். "தமிழில் கணினி அறிவையும் கணக்கியல் அறிவையும் பொதுமக்களிடையே வளர்த்தல், அதற்கான மென்பொருளையும் கையேடுகளையும் ஆக்கி எல்லோருக்கும் வழங்கல்" என்று எழுதுங்கள். சொல்வது உண்மையாகவும் இருக்கவேண்டும். கையேடு எழுதி, பாடசாலையில் வகுப்பு எடுத்து, வரவுப் பதிவு வைத்திருந்தால் யாரும் கேட்கிறபோது காட்ட ஏதாவது இருக்கும்.

அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேட்கவேண்டியது மிகச் சிறியது. புதிய சட்டம் வேண்டாம். இறைவரிச் சட்டம் அறநோக்கத்துக்குத் தந்த விளக்கத்தையே கொடையாளர் கழிவுக்கும் பொருத்தட்டும். துஷ்பிரயோகம் நடக்கும் என்று பயமென்றால், உரிமத்தைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும், ஒரே கம்பனியிடமிருந்து வரும் பணம் மொத்த வரவில் இத்தனை வீதத்தைத் தாண்டக்கூடாது என்று இரண்டு நிபந்தனை போடட்டும்.

அறக்கட்டளை நடத்துகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலையான வைப்பின் வட்டியில் வங்கி முற்கூட்டியே பிடிக்கிற வரி 2023 சனவரியில் 5 வீதமாக வந்து, 2025 ஏப்ரலில் 10 வீதமானது. வட்டியில் ஓடுகிற எல்லா அறக்கட்டளைக்கும் இது பொருந்தும், இதைப் போன்ற சொற்பொழிவு நடத்துகிறவற்றுக்கும்தான். பிடித்த வரிக்கு வங்கியிடம் சான்றிதழ் வாங்கி வையுங்கள். வரி ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது, அறிக்கை நவம்பர் 30 க்குள் போகவேண்டும். வரி வராவிட்டாலும் அறிக்கை கொடுங்கள். வரி இலக்கம் எடுக்காதவர்கள், படிவம் விளங்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடியுங்கள், கோயில் வீதிப் பக்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்ப்போம்.